கோசோங் குடிகாரன்

குடிகாரன் ஆவது என்று நான் உறுதியாக முடிவெடுத்தது, குடியை அடியோடு நிறுத்தி இரண்டு வருஷம் ஆன பிறகு. கேட்டால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் வீட்டுப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிறது.

என் பெயர் பத்துமலை. ஆயர் தாவார் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி, கல்யாணம் கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போது லகாட்டில் ஒரு வரிசை வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். மகன் பவித்ரன் சிங்கப்பூரில். மகள் புனிதா ஜொகூரில். வீட்டில் மிச்சம் நானும் என் மனைவி புஷ்பலதாவும் ஒரு தொலைக்காட்சியும். மூவரில் அதிகம் பேசுவது தொலைக்காட்சிதான்.

முன்பு அப்படி இல்லை. நான் குடித்த காலத்தில் எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது புஷ்பா ஆரம்பித்தாள் என்றால், நான் தூங்கிய பிறகும் நடக்கும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் எங்கள் சண்டையைக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டார். பாதிதான் கற்றார், அதுவும் கெட்ட பாதி.

பிறகு கிளினிக்கில் என் ஈரலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், “அங்கிள், இனிமே ஒரு சொட்டுகூட வேணாம்” என்றார். பயந்துபோய் நிறுத்தினேன். புஷ்பா சந்தோஷப்பட்டு முருகனுக்குப் பால்குடம் எடுத்தாள். அதோடு சரி. எங்கள் இல்லறத்தின் பேச்சுவார்த்தை மொத்தமும் என் குடியை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. குடி போனதும் பேச ஒன்றுமில்லை.

“பசியாறிட்டீங்களா?”

“ஆச்சு.”

“மாத்திரை?”

“போட்டேன்.”

ஒரு நாளைக்கு இவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் சீரியல் பக்கம் திரும்பிவிடுவாள். மரியாதையைக் கவனித்தீர்களா? ‘நீங்க’. குடித்த காலத்தில் நான் ‘நீ’. சில நாள் ‘யோவ்’. கட்டின பெண்டாட்டி திடீரென்று மரியாதை கொடுக்க ஆரம்பித்தால், வாடகைக்குக் குடியிருப்பவன்போல் ஆகிவிடுகிறோம்.

சனிக்கிழமை மத்தியானம் புந்தோங்கில் கனகராஜ் கடைக்குப் போகும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. சாப்பாடும் பீரும் விற்கும் கடை. அங்கேயும் எனக்குத் துணை இல்லை. எங்கள் மேசைக்காரர்களில் பிச்சைமுத்து போய்ச் சேர்ந்துவிட்டான். மகேந்திரனுக்கு இனிப்பு நீர் வியாதி. மருமகள் வெளியே விடுவதில்லை. நான் காற்றாடிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து ஆசாம்பாய் என்கிற உப்புப் பழம் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்து மேசை இளசுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களும் அதையேதான் குடித்துக்கொண்டிருப்பார்கள். என்ன, அவர்களுடையதில் ஒரு இலை மிதக்கும், விலையும் மிதக்கும்.

“காலம் கெட்டுப்போச்சுண்ணே,” என்பான் கனகராஜ். “முன்னல்லாம் குடிச்சிட்டு நாக்காலியத் தூக்குவானுங்க. இப்ப குடிக்காமலே தூக்குறானுங்க.”

“ஏன்லா?”

“வெளிச்சம் படுற எடத்துல போட்டு கிளாஸ போட்டோ புடிக்க.”

போன வருஷம் ஒருநாள் என் முன்னால் ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தான். பார்த்தால் பீர். நான் பதறி எழுந்தேன்.

“ஒக்காருங்கண்ணே. இது கோசோங்.”

எங்கள் ஊரில் கோசோங் என்றால் காலி. சீனி போடாத தேத்தண்ணிக்கு அப்படிச் சொல்வோம். போதை போடாத பீருக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

“நொர இருக்கும். கசப்பு இருக்கும். வாட இருக்கும். போத மட்டும் இருக்காது. இப்ப பாதிப் பேரு இதத்தான் கேக்குறாங்க,” என்றான்.

“போத இல்லன்னா அப்புறம் எதுக்கு?”

“குடிச்சிட்டு கார் ஓட்டலாம். விடிகாலையில எந்திரிச்சு ஜிம்முக்குப் போலாம்.”

“என்கிட்ட காரும் இல்ல, ஜிம்மும் இல்ல.”

“அப்ப சும்மா குடிங்கண்ணே.”

சும்மா குடித்தேன். பழைய சினேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனேன். புஷ்பா சீரியலில் இருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போகும்போது அவள் மூக்கு திரும்பியது. பிறகு முகம் திரும்பியது.

“நில்லு.”

நின்றேன். ‘நில்லு’ என்றாளே, ‘நில்லுங்க’ இல்லையே என்று மனசுக்குள் ஏதோ துள்ளியது.

“ஊது.”

ஊதினேன்.

அவள் தொலைக்காட்சியை அணைத்தாள். கதாநாயகியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிற முக்கியமான கட்டம். அப்படியே அணைத்தாள். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“என்னா மனுசன்லா நீ? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. அந்த ஈரல வச்சுக்கிட்டு என்னா பண்ணப் போற, காட்சிக்கு வைக்கப் போறியா?”

இது கோசோங் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முருகன் சாட்சி. ஆனால் அவள் விடவில்லை.

“எங்க அப்பா ஒன்ன மாப்பிள்ள பாக்க வந்த அன்னிக்கு மட்டும் அந்த பஸ்ஸ விட்டிருந்தார்னா நான் இன்னேரம் தைப்பிங்ல நிம்மதியா இருந்திருப்பேன்.”

“தைப்பிங்ல யாரு?”

“ரயில்வேயில வேல செஞ்ச மாப்பிள்ள ஒருத்தர் கேட்டாங்க. அவரு இப்ப ரெண்டு வீடு வாங்கிட்டாரு.”

இத்தனை வருஷ வாழ்க்கையில் தைப்பிங் மாப்பிள்ளை எனக்குப் புதிய செய்தி. அதோடு இன்னும் பல செய்திகள் வந்தன. அண்ணன் மகனுக்கு வேலை மாறியது. கோயில் தலைவருக்கும் செயலாளருக்கும் ஆகாதது. பவித்ரன் போன் பண்ணி, அப்பாவிடம் பேச நேரமில்லாமல் வைத்தது. எல்லாம் திட்டோடு திட்டாக வந்து விழுந்தன. நடுவில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வந்தது. உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து அரக்கித் தேய்த்தாள். என் தலையில் அவள் கை பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் போதை என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நான் எடுத்த முடிவைத்தான் முதலில் சொன்னேன். வாரம் ஒரு நாள் குடிகாரன். குடிக்காமல்.

நடிப்பு லேசில்லை. பழைய குடிகாரனுக்கே குடிகாரனாக நடிப்பது கஷ்டம். ஏனென்றால், குடித்த காலத்தில் நான் நிதானமாக இருப்பதுபோல்தான் நடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். மோட்டார்சைக்கிளை முனைக் கடையில் நிறுத்திவிட்டு அங்கிருந்து தள்ளாடுவேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொள்வேன். கேட்டில் சாவியைத் தலைகீழாகக் குத்துவேன். மீதியைப் புஷ்பா பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை தொலைக்காட்சி அணைந்தது. ‘நீ’ வந்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் நான் கல்யாணமானவனாக இருந்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே.

“சமையக்கட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறேன்னு சொன்னீங்களே, எப்ப ஆரம்பிக்கிறீங்க?” என்று ஒரு ஞாயிறு காலையில் கேட்டாள்.

“நானா? எப்ப சொன்னேன்?”

“நேத்துதான். தண்ணிய குடிச்சிட்டு, பச்ச கலர்னு நீங்களே சொன்னீங்க.”

நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. நேற்று அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். படுக்கும்போது ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன். பெயின்ட் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் ‘சொல்லவில்லை’ என்று எப்படிச் சொல்வது? நேற்று நடந்தது நினைவிருக்கிறது என்றால் போதை இல்லை என்றாகிவிடும். போதை இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமையும் இல்லை.

“சொல்லியிருப்பேன்,” என்றேன்.

பச்சை அடித்தேன். அடுத்த வாரம், முன்னறையில் இருந்த என் சாய்வு நாற்காலியைக் கோயிலுக்குக் கொடுக்கச் சொன்னதாகச் சொன்னாள். கொடுத்தேன். அதற்கடுத்து, வெள்ளிக்கிழமைகளில் கோயில் குத்துவிளக்கு தேய்க்க வருவதாக நான் அழுதுகொண்டே வாக்குக் கொடுத்தேனாம். போய்த் தேய்த்தேன். கனகராஜின் மனைவி தினேஸ்வரியும் புஷ்பாவும் அங்கே பூக் கட்டுவார்கள். நான் விளக்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துத் தினேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பக்தி என்று நினைத்தேன்.

மறந்துபோன குடிகாரனை ஏய்ப்பது எல்லா மனைவிமாரும் செய்வதுதானே. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு சுவர், ஒரு நாற்காலி, பத்து விளக்கு. கட்டுப்படியாகும் என்றே விட்டுவிட்டேன்.

கார்த்திகை மாதத்தில்தான் இடி விழுந்தது. ஞாயிறு காலை. தோசையை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

“புனிதாவுக்கு மாசம் நெருங்கிருச்சு. ஜொகூருக்குப் போய் மூணு மாசம் இருந்து பாத்துட்டு வான்னு நேத்து சொன்னீங்க. டிக்கெட் போட்டுட்டேன்.”

தோசையைப் பிய்த்த கையோடு நிமிர்ந்தேன்.

“நான் சொன்னேனா?”

“ஆமா.”

“மூணு மாசமா?”

“நான் ஒரு மாசம்தான்னேன். நீங்கதான் மூணுன்னீங்க.”

“நானும் வரேனே.”

“ஒரு ரூம்பு வீடு. சம்பந்தியம்மா வேற ஹாலுல படுத்துக்கிறாங்க. ஒங்கள எங்க, பல்கனியிலயா காயப்போடுறது?”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. புஷ்பா, நான் குடிக்கவே இல்லை. நேற்று ஜொகூர் என்ற பெயரை நீ எடுக்கவே இல்லை. இதோ, நேற்று நீ பேசியது மொத்தத்தையும் ஒப்பிக்கிறேன், கேள். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? மகளுக்குப் பிரசவம், அவள் எப்படியும் போவாள். நான் நிதானமானவன் என்பதும் தெரிந்துவிடும். திரும்பி வந்த பிறகும் எனக்கு ‘பசியாறிட்டீங்களா’ மட்டும்தான் கிடைக்கும்.

“சொன்ன மாதிரிதான் இருக்கு,” என்றேன்.

அமான்ஜெயா நிலையத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் குனிந்து, மாத்திரை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னாள். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

தனியாக இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. காலையில் ஜஹாங்கீர் கடையில் ரொட்டி சானாய். மத்தியானம் அதே கடையில் சோறு. ஜஹாங்கீர் இரண்டாவது வாரத்திலேயே, “என்னா அண்ணே, அக்கா இன்னும் வரலயா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, கேட்காமலே தட்டை வைக்க ஆரம்பித்தார். சாயங்காலம் அவள் பார்க்கும் நேரத்துக்குச் சரியாக சீரியலைப் போட்டுவிடுவேன். கதாநாயகிக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, பச்சைச் சமையலறையில் போய் நிற்பேன். அவள் முன்னறையில் இருக்கிற மாதிரி இருக்கும். விளம்பரம் வந்ததும் இல்லை என்று தெரிந்துவிடும்.

தினமும் போன் பண்ணினாள். பசியாறிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வைக்கிறேன். பேத்தி பிறந்தாள். அன்றைக்கு மட்டும், “ஒங்க மூக்குதான், பாவம் புள்ள,” என்று கூடுதலாக ஒரு வரி.

சனிக்கிழமைகளில் கனகராஜ் கடைக்குப் போவதையும் விட்டுவிட்டேன். குடித்த மாதிரி வந்து யார் முன்னால் விழுவது? அப்புறம்தான் ஒருநாள் புத்தியில் உறைத்தது. போனில்தான் முகம் தெரிகிறதே. முகம் தெரிந்தால் போதாதா? திட்டுக்குப் பஸ் டிக்கெட் வேண்டாமே.

அந்தச் சனிக்கிழமையே கிளம்பினேன். தைப்பூசத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. கனகராஜ் மஞ்சள் துண்டும் கழுத்தில் மாலையும் தாடியுமாக, கடைக்குள் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தான்.

“இந்த வருசம் காவடிண்ணே.”

“வியாபாரம் எப்படி?”

“கொறையல. அதுதாண்ணே எனக்கே ஆச்சரியம்.”

எதற்குக் குறைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் அவசரம் எனக்கு. வழக்கமான கோசோங் இரண்டு போத்தல் குடித்தேன். வீட்டுக்கு வந்து, தலையைக் கலைத்து, பொத்தானை மாற்றிப் போட்டு, போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துக் கூப்பிட்டேன். மணி ஆறுகூட ஆகவில்லை. மணி அடிக்கும்போதே கல்யாண மாப்பிள்ளை மாதிரி தலையில் கை வைத்து, இன்னொரு தடவை கலைத்துக்கொண்டேன்.

“புஷ்ஷ்பா,” என்றேன், இழுத்து.

திரையில் அவள் முகம் வந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

“குடிச்சியா?”

அந்த ‘யா’வைக் கேட்க நான் எத்தனை சீரியலைத் தாண்டி வந்திருக்கிறேன்.

“லேசா.”

“லேசாவா? பொண்டாட்டி ஊருல இல்லன்னதும் தொர ஆட்டம் போடுறியா? பேத்தி பொறந்திருக்கா, வெக்கமா இல்ல? பொத்தானப் பாரு. சட்டைய தொவச்சியா இல்லியா? அது என்னா பின்னால, லைட்டு எரியுது? பகல்ல யாருக்கு லைட்டு?”

அடைமழை. நான் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தேன். சம்பந்தியம்மா ரசத்தில் சீனி போடுவது தெரிந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூர் பாலத்து நெரிசலில் மணிக்கணக்காக நிற்பது தெரிந்தது. பேத்தி யார் தூக்கினாலும் அழுது, புஷ்பா தூக்கினால் மட்டும் அடங்குவது தெரிந்தது. நடுவில் புனிதாவின் குரல்.

“அப்பா, பாப்பா இப்பதான் தூங்குது. அம்மாவ மெதுவா திட்டச் சொல்லுங்க.”

புஷ்பா போனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனாள். அங்கே நின்று கிசுகிசு என்று திட்டினாள். காதல் பேசுவதுபோல இருந்தது. எங்கள் காலத்தில் எங்களுக்கு அந்தப் பேச்செல்லாம் வாய்க்கவில்லை.

ஒருவழியாக ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“சரி. திட்டி முடிச்சாச்சு. ஒண்ணு கேக்குறேன். எங்க குடிச்ச?”

“எங்கன்னா? கனகராஜ் கடையிலதான்.”

“என்னா குடிச்ச?”

“பீரு. பெரிய போத்தல்.”

“கனகராஜ் மால போட்டதுலேர்ந்து கடையில பீரே இல்ல. தைப்பூசம் முடியிற வரைக்கும் விக்கிறதில்லன்னு நேந்துக்கிட்டு, இருந்ததெல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டான். ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. நிஜக் குடிகாரனாக இருந்திருந்தால் கடைக்குள் கால் வைத்த நொடியே தெரிந்திருக்கும். கோசோங் கேட்டு கோசோங் வாங்கிக் குடிப்பவனுக்கு, மற்றது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

“யாரு சொன்னா?”

“தினேஸ்வரி. இது மட்டுமா? நீ மொத மொத கோசோங் குடிச்சயே, அன்னிக்கே சொல்லிட்டா. நீ வீட்டுக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே போன் வந்துருச்சு.”

மாற்றிப் போட்ட பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டேன்.

“அப்ப பெயின்டு? நாக்காலி? வெளக்கு?”

“நிதானமா இருக்கிற மனுசன் வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே? வாய அடச்சாங்களா?”

“அப்ப அந்தத் திட்டெல்லாம் பொய்யா புஷ்பா?”

அவள் பல்கனிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

“அது உள்ளதுதான். சேத்து வச்சிருந்தேன்,” என்றாள். “நல்லா இருக்கிற மனுசன ஒக்கார வச்சு என்னான்னு திட்டுறது? வேற என்னா பேசுறதுன்னும் எனக்குத் தெரியல. நீ மட்டும்தான் அந்த வீட்டுல தனியா இருந்தன்னு நெனச்சியா?”

அந்த டி.வி.க்கு முன்னால் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“புஷ்பா, சீக்கிரம் வந்துரு,” என்றேன். நாக்குக் குழறாமல், ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொன்னேன். “வீடு வீடாவே இல்ல. மூணு மாசம் முடிஞ்ச அன்னிக்கே வந்துரு.”

அவள் முகம் திரையை விட்டுப் போய், கொஞ்ச நேரம் கூரை மட்டும் தெரிந்தது. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு முகம் வந்தது. கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் பழைய ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

“புள்ளைக்கு இன்னும் தல நிக்கல. அதனால இன்னொரு மாசம் சேத்து இருந்துட்டு வான்னு இப்ப சொன்னீல்ல, அத புனிதாகிட்ட சொல்லிடுறேன்.”

“நான் எங்க சொன்னேன்? சொல்லவே இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“நீ குடிச்சிருக்க. காலையில நான் போன் பண்ணி ஞாபகப்படுத்துறேன்.”